சுவரடிச் சூட்டியல்

பாயிரம்

மொன்றியலில் வாடகைக்கு வீடு எடுப்போர் கற்கத்தக்க நூல்கள் இரண்டு. ஒன்று வாடகை ஒப்பந்தம். சூடு வாடகைக்குள் அடக்கம் என்று அதில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இல்லையென்றால் இரண்டாவது நூல் இது.

பொருள் வகை

சுவரடியில் பொருத்தும் மின்சூடேற்றியாகிய பேஸ்போர்ட் ஹீட்டர் வறளினம், திரவினம் என இருவகைப்படும். வறளினத்தில் மின்கம்பியைப் பொதிந்த குழாயில் அலுமினியத் தகடுகள் வரிசையாகக் கோத்திருக்கும். கீழால் புகும் குளிர்காற்று தகடுகளிடையே சூடேறி மேலால் எழும். திரவினத்தில் குழாய்க்குள் அடைத்த திரவம் மெல்லச் சூடாகி மெல்ல ஆறும்.

இவை குறில், நெடில் எனவும்படும். அடிக்கு ஏறத்தாழ 250 வாட் என்பது வழக்கம். ஆகவே 2 அடிக் குறில் 500 வாட். 6 அடி நெடில் 1500 வாட். விலை கூடிய இனம் கரண்டை மிச்சம் பிடிக்கும் என்பார் கடைக்காரர். அது பொருந்தாது. எவ்வினமும் வாங்கும் கரண்ட் முழுவதையும் சூடாக்கியே தரும்.

இட வகை

ஹீட்டருக்குரிய இடம் யன்னலடி. கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து இறங்கும் காற்றை அங்கேயே மறித்துச் சூடாக்குவதற்காக. “யன்னலடியில் வைத்துச் சூட்டை வீணாக்குகிறான்” என்று வீட்டுக்காரரைத் திட்டுவோர் இவ்வியலை மறுபடி படிக்க.

மாந்தர் வகை

பயன்படுத்துவோர் நால்வர்.

முறுக்குவோர்: வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றுமுன் தெர்மோஸ்டாட்டை 30க்கு முறுக்குவர், கெதியாய்ச் சூடேறுமென்று. குளிர்ந்த அறையில் 21 என்றாலும் 30 என்றாலும் நெடில் இழுப்பது அதே 1500 வாட். 21இல் ஓயவேண்டியது 30 மட்டும் ஓயாது, அவ்வளவே வேறுபாடு.

அணைப்போர்: வெளியூர் போகையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவர். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் மிச்சம் பிடித்த காசு பிளம்பருக்குப் போகும். இவர்க்கு விதி: குறைக்கலாம், அணைக்கலாகாது.

மறைப்போர்: செற்றியை ஹீட்டரோடு முட்ட வைப்பர். யன்னல் சீலையை நிலமட்டும் தொங்கவிடுவர். போதாக்குறைக்குத் தோய்த்த சொக்ஸையும் அதன்மேல் காயப்போடுவர். காற்றோட்டம் அடைபட்டதும் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் கரண்டை வெட்டும். உடனே “ஹீட்டர் பழுது” என்று வீட்டுக்காரருக்குப் போன் அடிப்பர். நால்வரில் கொடியவர் இவரே. சீலை தீப்பற்றவும் கூடும்.

திறப்போர்: மீன் பொரித்த மணம் போகக் குசினி யன்னலைத் திறந்துவிட்டு மறந்துபோவர். அன்றிரவு ஹீட்டர் தெருவைச் சூடாக்கும்.

ஒலியும் மணமும்

‘டிக் டிக்’ ஒலி, தகடு விரிந்து சுருங்குவதால் வருவது, குற்றமன்று. முதற்குளிரில் எழும் கருகல் மணம் கோடை முழுதும் படிந்த தூசு. பிரேக்கரை அணைத்து, ஆறிய பின் வக்யூம் பிடித்தால் தீரும். அதன் பின்னும் மணம் நின்றாலோ, சுவர் கருகினாலோ பிரேக்கரை அணைத்தபடியே விட்டு எலெக்ட்ரீஷியனை அழைக்க.

கட்டண வகை

மின்சாரம் வழங்கும் ஹைட்ரோ-கியூபெக்கின் வழமையான வீட்டுக் கட்டணத்தில் நாளொன்றுக்கு முதல் 40 யூனிட் ஒரு விலை; அதற்கு மேல் கூடிய விலை. ஒரு நெடில் 24 மணிநேரம் ஓயாது எரிந்தால் 36 யூனிட். மலிவு விலைப் பங்கை ஏறத்தாழ முழுதும் ஒன்றே விழுங்கிவிடும்; வீட்டிலோ நாலைந்து இருக்கும்.

புறனடை

ஒரு யூனிட் வாங்கி இரண்டு, மூன்று யூனிட் சூடு தரும் ஹீட் பம்ப், வேறு நூலுக்குரியது. இந்நூலின் முடிபு இது: ஹீட்டரில் உயர்வு தாழ்வு இல்லை, ஆளில் உண்டு. அறைக்கொரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஆளில்லாத அறையில் குறைத்துக் கதவைச் சாத்துங்கள். இரவில் இரண்டு மூன்று பாகை இறக்குங்கள். இன்றைக்கே அந்தச் செற்றியை ஒரு சாண் முன்னே இழுத்துவிடுங்கள்.