பத்திகளுக்கு நடுவே ஓர் எண்

கேள்வி: ஆட்குறைப்பு என்பதை நிர்வாகிகள் நேராகச் சொல்லாமல் அலங்கார வார்த்தைகளால் மூடுவது ஏன்?

பதில்: நேராகச் சொன்னால் தம் காதிலேயே விழுந்துவிடுமே என்ற பயந்தான்! 2014 ஜூலையில், நோக்கியாவின் முன்னாள் தலைவரும் அப்போது மைக்ரோசாப்ட் நிர்வாகியுமான ஸ்டீபன் ஈலாப், ஊழியர்களுக்கு விடுத்த கடிதத்தை, க்ஷேமம் விசாரிக்க வந்த பந்துவைப்போல் ‘ஹலோ’ என்று குதூகலமாகத் தொடங்கி, வியூகம், ஒருங்கிணைப்பு, சீரமைப்பு என்று பத்தி பத்தியாகப் பிரசங்கித்து, படிப்பவர் கண்ணயரும் தறுவாயில், சுமார் 12,500 பேருக்கு உத்தியோகம் இராது என்ற விஷயத்தை, அதையும் ஒரு மதிப்பீடாகவே (என்ன தாட்சண்யம்!), மெல்ல நழுவவிட்டார். ஆகையால், இத்தகைய நிருபம் வந்தால், முதலில் எண் எங்கே இருக்கிறதென்று தேடுங்கள். வியூகத்தை, அடுத்த மாதச் சம்பளம் நிச்சயமானபின் சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம்.