ராஜாவின் முகவரி

காரைக்குடியில் பத்திரிகை வாசிப்பு க்ஷீணித்துவிட்டதென்று அங்கலாய்ப்பவர்கள், வளவுத் தூணில் சாய்ந்தபடி தொலைக்காட்சியின் ஹாஸ்ய நிகழ்ச்சிகளிலிருந்தே தேச விவகாரம் அனைத்தையும் கிரகித்துவிடும் எங்களூர் ஆச்சிமாரின் சாமர்த்தியத்தைக் கவனித்தவர்களல்லர். 2022 பொங்கலையொட்டி ஜீ தமிழில், ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யின் பாணியில் அரசனும் மந்திரியுமாக வேஷமிட்ட இரு பாலகர்கள், கறுப்புப் பணத்தை ஒழிக்கப் புறப்பட்டு நாணயத்தைச் செல்லாததாக்கிய ஒரு ராஜாவைப் பற்றிச் சம்பாஷித்தபோது, அவர் எந்த தேசத்து ராஜாவோ என்று சீடையைக் கொறித்துக்கொண்டே வாளாவிருந்துவிட நியாயமுண்டு. தமிழக பா.ஜ.க. ஆட்சேபித்து, மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் ஏழு நாளில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பிய பிறகே, ராஜா இன்னாரென்பது சந்தேகத்துக்கிடமின்றி ஊர்ஜிதமாயிற்று. பெயரற்ற கேலிக்கு முகவரி எழுதித்தரும் இந்த மகத்தான உபகாரத்தை (அதுவும் சர்க்கார் செலவில்!) எந்தச் செய்தி ஸ்தாபனமும் செய்ததில்லை. 1968இல் சோ, துக்ளக்கைப் பிரதம மந்திரியாக்கி நாடகம் போட்ட காலத்தில், பரிகாசத்தை ரசிப்பதற்கே செய்தியை முன்கூட்டி அறிந்திருக்க வேண்டியிருந்தது. இன்றோ எங்களூரில் இரவுச் செய்தியைக் கேட்கிற சிலரும், முந்தின வாரத்து ஹாஸ்யத்துக்குப் பொழிப்புரை வேண்டியே கேட்கிறார்கள்.