முக்கால் விவாகரத்து

விவாகரத்தானவன் என்று பல வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அலுவலகத்தில் சொன்னேன், முடிவெட்டும் கடையில் சொன்னேன். தேக்கா ஈரச்சந்தையில் தெரிந்தவர்கள் "வீட்ல எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தபோது, கறிப்பையைக் கை மாற்றிக்கொண்டு கொஞ்சம் கம்பீரமாகவே சொன்னேன். அரசாங்கத்தின் சிங்பாஸ் செயலியில் என் விவரங்களைத் திறந்தால் 'மணமானவர்' என்றே காட்டும். கணினியில் இன்னும் மாற்றவில்லை போலிருக்கிறது என்று பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டேன். கணினி சொன்னதுதான் சரி.

விஷயத்தை உடைத்தவள் என் முன்னாள் மனைவி. முன்னாள் என்று இப்போது துணிந்து எழுதுகிறேன். அவள் போன் செய்த அன்று அந்தச் சொல்லுக்கு எனக்கு உரிமை இல்லை. அவளுக்கு மறுமணம் கூடி வந்திருந்தது. "திருமணப் பதிவகத்துல இறுதித் தீர்ப்புச் சான்றிதழ் கேக்குறாங்க. உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கும்" என்றேன்.

இந்த "இருக்கும்" என்ற சொல்லை நம்பித்தான் அவள் பத்துப் பன்னிரண்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தினாள்.

நான் இருப்பது பாசிர் ரிஸ்ஸில், அக்கா வீட்டில். என் வாழ்க்கையின் முக்கியப் பத்திரங்கள் எல்லாம் அங்கே ஒரு பிஸ்கட் டப்பாவில் வாசம் செய்கின்றன. மின்விசிறியின் உத்தரவாதச் சீட்டு, அம்மாவின் பழைய பாஸ்போர்ட், காலாவதியான பேரங்காடிக் கூப்பன்கள், இவற்றுக்கெல்லாம் அடியில் நீதிமன்றக் காகிதம் ஒன்று. 'இடைக்காலத் தீர்ப்பு', 2020 ஜனவரி. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டியும் வேறெதுவும் விழவில்லை.

சிங்கப்பூரில் விவாகரத்து இரண்டு தவணையில் வரும். முதலில் இடைக்காலத் தீர்ப்பு. மூன்று மாதம் கழித்து இறுதித் தீர்ப்பு. மனசு மாறுகிறவர்கள் மாறிக்கொள்ளட்டும் என்றுதான் நடுவில் அந்த அவகாசம். மூன்று மாதம் முடிந்தால் இறுதித் தீர்ப்பு தானாக வீடு தேடி வராது. விண்ணப்பம் போட்டுக் கேட்க வேண்டும். அதுவரைக்கும் சட்டத்தின் கண்ணில் இருவரும் கணவன் மனைவிதான். வேறொருவரைக் கட்டிக்கொள்ள முடியாது. இதெல்லாம் அந்தக் காகிதத்தோடு வந்த தாள்களிலேயே இருந்தது. நான் முதல் வரியைப் படித்துவிட்டு டப்பாவை மூடியவன்.

என்மேல் முழுப் பழியையும் போட மனமில்லை, கொஞ்சம் சினிமாவின் மேலும் போடுகிறேன். தமிழ்ப் படத்தில் விவாகரத்து என்றால் கூண்டு உண்டு, வக்கீல் உண்டு, கடைசி நிமிடத்தில் வாசலில் மழை உண்டு. ஹேவ்லாக் சதுக்கத்துக் குடும்ப நீதிமன்றத்திலோ, இரு தரப்பும் எல்லாவற்றிலும் ஒத்துப்போய்விட்டால் நேரில் போகவே தேவையில்லை. காகிதங்களைப் பார்த்தே நீதிபதி முடித்துவிடுவார். எங்கள் மணவாழ்க்கை முறிந்த நேரத்தில் நான் ஒயிட் சேண்ட்ஸ் பேரங்காடியில் நூடல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சடங்கே இல்லாமல் வந்த ஒன்றுக்கு இரண்டாம் பாகம் இருக்கும் என்று எவன் நினைப்பான்?

வக்கீல் வைத்திருந்தால் அவர் நினைத்திருப்பார். அதுதான் என் அடுத்த சாதனை. வக்கீலுக்கு எதற்கு ஆயிரக்கணக்கில் தண்டம் என்று 2019-இல் நானே மனுத் தாக்கல் செய்யக் கிளம்பினேன். சைனாடவுன் பாயிண்ட் கட்டடத்தில் அதற்கென்றே ஒரு சேவை மையம் உண்டு. வக்கீல் இல்லாதவர்கள் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நீதிமன்றத்தின் மின்தாக்கல் முறையில் ஏற்றித் தருவார்கள். அங்கே வரிசையில் நின்றவர்களில் என்னைப் போலத் தலை நிமிர்ந்து நின்றவர் வேறு யாரும் இல்லை.

அப்போதெல்லாம் 'ஒத்துப்போய்ப் பிரிகிறோம்' என்று சொல்லிவிட்டுப் பிரிய முடியாது. அந்த வழி, திருமணச் சட்டமான மாதர் சாசனத்தில் 2024 ஜூலை 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் கள்ளத்தொடர்பு, சகிக்க முடியாத நடத்தை, இரண்டாண்டு கைவிட்டுப் போனது, ஒப்புதலோடு மூன்றாண்டுப் பிரிவு, ஒப்புதல் இல்லாமல் நான்காண்டுப் பிரிவு என்று ஐந்தில் ஒன்றைக் காட்டியாக வேண்டும். 'நடத்தை' சுருக்கமான வழி என்று தோன்றியது. இரவெல்லாம் உட்கார்ந்து அவள் குறைகளை எழுதினேன். நான் பேசி முடிப்பதற்குள் குறுக்கே பேசுவாள். ஏசியை 25-க்குக் கீழே வைக்க விடமாட்டாள். என் நண்பர்கள் வந்தால் முகம் கொடுக்கமாட்டாள். நியாயமாக நடப்பதாக எண்ணிக்கொண்டு அதை அவளுக்கே அனுப்பி அபிப்பிராயம் கேட்டேன்.

"இதுக்கெல்லாம் விவாகரத்து குடுத்தா சிங்கப்பூர்ல ஒரு வீட்லயும் ரெண்டு பேர் சேர்ந்து இருக்க முடியாது" என்று பதில் வந்தது. "உங்களைப் பத்தி நான் எழுதித் தரட்டுமா? ஒரே நாள்ல கிடைச்சிடும்."

மூன்றாண்டுப் பிரிவுக்கே போனோம். அதிலும் என் கைவரிசை இருந்தது. தெம்பனிஸ் வீட்டை விட்டு அக்காவிடம் வந்து மூன்று வருடத்துக்கு மேலாகியும் ஐசியில் முகவரியை மாற்றவில்லை. 28 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது சட்டம். ஆக, மனைவியைப் பிரிந்து வாழ்கிறேன் என்று சொல்பவனின் அடையாள அட்டை, அவன் மனைவியோடுதான் வாழ்கிறான் என்றது. அக்கா கடிதம் எழுதித் தந்து காப்பாற்றினாள். அதில், நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதோடு, பாத்திரம் கழுவுவதில்லை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தாள். நீதிபதி படித்திருப்பார்.

அதே அக்காவிடம் இந்தப் புதுச் செய்தியைச் சொன்னபோது கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அப்ப அவ இன்னும் என் தம்பி பொண்டாட்டிதானா? இது தெரியாம அஞ்சு தீபாவளிக்கு அவளைக் கூப்பிடாம விட்டுட்டனேடா."

நீதிமன்றத்தில் விசாரித்தபோது, வழக்கு எண் தெரிந்தால் மேற்கொண்டு செய்யலாம் என்றார்கள். எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒயிட் சேண்ட்ஸ் நூலகத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஆராய்ந்தேன். அமெரிக்காவின் பல கவுண்டிகளில் எழுத்தர் அலுவலகத்துக்குப் போய் யாருடைய விவாகரத்துக் கோப்பையும் கேட்டுப் பார்க்கலாமாம். இங்கே அப்படியில்லை. குடும்ப வழக்குகள் மூடிய அறையில் நடக்கும். தீர்ப்புகள் வெளியானாலும் பெயர் இருக்காது, மூன்றெழுத்துதான். சொத்துப் பிரிப்பதற்கு இன்றைக்கும் எடுத்துக்காட்டும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2015 தீர்ப்புக்கே 'ஏஎன்ஜே எதிர் ஏஎன்கே' என்றுதான் பெயர். எனக்கும் அப்படி மூன்றெழுத்து கிடைத்திருக்குமோ என்று ஒரு நப்பாசையில் தேடினேன். சண்டையே இல்லாத வழக்குக்கு யார் பக்கம் பக்கமாகத் தீர்ப்பு எழுதுவார்கள்? சாயங்காலம் நூலகம் விட்டு இறங்கும்போது கையிலிருந்த இடைக்காலத் தீர்ப்பைப் பார்த்தேன். வழக்கு எண் அதன் தலையில் அச்சாகியிருந்தது.

அடுத்து வந்தது பிரமாணப் பத்திரம். இடைக்காலத் தீர்ப்பு வாங்கி ஓராண்டு தாண்டிவிட்டால் சும்மா இறுதித் தீர்ப்பு கேட்க முடியாது. ஏன் தாமதம், இடையில் சேர்ந்து வாழ்ந்தீர்களா என்பதையெல்லாம் சத்தியம் செய்து எழுத வேண்டும். சோம்பலுக்கு வீட்டில் ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறேன். சத்தியம் செய்து சொன்னதில்லை. அதனால் எழுத வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படிக்க ஆரம்பித்தேன். மாதர் சாசனம் 1961 செப்டம்பர் 15-இல் நடப்புக்கு வந்ததையும், அதற்காக ஷிரின் ஃபோஸ்தாரும் சான் சோய் சியோங்கும் போராடியதையும் படித்தேன். அதற்கு முன் இங்கே ஓர் இந்து ஆண் ஒன்றுக்கு மேல் கட்டிக்கொள்ளத் தடை இருக்கவில்லை. என்னைப் போன்றவனின் மறதி அந்தக் காலத்தில் அவனுக்கு ஒரு தொல்லையும் தந்திருக்காது, தொல்லையெல்லாம் அவன் மனைவிக்குத்தான் போயிருக்கும்.

நடு இரவில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1991 தீர்ப்பு ஒன்றில் போய் விழுந்தேன். 1975-இல் திருப்பதியில் கல்யாணம். கணவர் அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் கவுண்டி நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கி இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டார். முதல் மனைவி, தான் உயிரோடிருக்கும்போதே கணவர் மறுமணம் செய்துகொண்டார் என்று வழக்குப் போட்டார். அந்த அமெரிக்க விவாகரத்து இந்தியாவில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படித்ததும் வியர்த்துவிட்டது. அந்த மனிதர் கையிலாவது, செல்லுமோ செல்லாதோ, முழுசாக ஒன்று இருந்திருக்கிறது.

என் முதல் வரைவில் தாமதத்துக்குக் காரணம் 'கொவிட்'. கணக்குப் பொருந்தியது. மூன்று மாத அவகாசம் முடிந்ததும் 2020 ஏப்ரலில், ஊரை அடைத்ததும் அந்த ஏப்ரல் 7-இல். அவளுக்கு அனுப்பினேன்.

"அடைப்பு ஜூன் 1-ஆம் தேதி முடிஞ்சுது. அப்புறம்?"

அப்புறம் வேலைப்பளு என்றேன். எந்த வேலை என்றாள். மன உளைச்சல் என்றேன். அந்த வருடம் நான் முகநூலில் போட்ட மீன்பிடிப் படங்களைத் தேதியோடு அனுப்பினாள், எல்லாம் பாசிர் ரிஸ் பூங்காவில் எடுத்தது. சேர்ந்து வாழ்ந்தீர்களா என்பதற்கு 'இல்லை. தேக்காவில் ஒருமுறை பார்த்தோம், முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசினோம்' என்று எழுதியிருந்தேன். அதையும் அடிக்கச் சொன்னாள். அவளும் விண்ணப்பித்திருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். மனுப் போட்டவர் கேட்காமல் விட்டால், இன்னும் சற்றுப் பொறுத்து எதிர்த்தரப்பும் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

"நீங்க செஞ்சிருப்பீங்கன்னு நம்பிட்டேன்" என்றாள். "அத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குப் புத்தி வரல, பாருங்க."

கடைசியில் எழுதியது ஒரே வரிதான்: இடைக்காலத் தீர்ப்பையே இறுதித் தீர்ப்பு என்று நினைத்துவிட்டேன், அதை முழுதாகப் படிக்கவில்லை.

பத்திரத்தில் கையெழுத்துப் போட அவுட்ராம் பார்க்கில் ஒரு சத்தியப் பிரமாண ஆணையரிடம் போனேன். வயதானவர், சீனர். பத்திரத்தை வாங்கிப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் நின்றார். அங்கே என் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. வேலையை மிச்சம் பிடிக்கலாம் என்று வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தேன். அவர் முன்னால்தான் போட வேண்டும். கோப்பு வீட்டுக் கணினியில் இருக்கிறது. அவுட்ராம் பார்க்கிலிருந்து ரயிலில் போனால் பாசிர் ரிஸ் கடைசி நிலையம் என்பதில் ஒரு சௌகரியம், எவ்வளவு அசந்து தூங்கினாலும் இறங்குமிடத்தைத் தவறவிட முடியாது. தூங்கிக்கொண்டே போய், அச்செடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, எழுதியிருப்பதெல்லாம் உண்மையா என்று கேட்டார். முதன்முறையாக யோசிக்காமல் ஆமாம் என்றேன்.

சில வாரத்தில் இறுதித் தீர்ப்புச் சான்றிதழ் வந்தது. அலுவலக நேரத்திலேயே, தலை போகிற வேகத்தில் அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மேலாளர் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் பதிலோடு போன் அதிர்ந்தது.

"இது பழசு. 2020 ஜனவரி போட்டிருக்கு. புதுசை அனுப்புங்க."