குழம்பியிருப்பது குழந்தையா?

டெல்லியின் துவாரகா அடுக்ககங்களில் மூன்று வயதுத் தமிழ்க் குழந்தைக்கு ஒரு நாளில் மூன்று மொழி: பாட்டியிடம் தமிழ், பூங்காவிலும் வேலைக்கு வரும் அக்காவிடமும் இந்தி, ப்ளே ஸ்கூலில் ஆங்கிலம். ஒருநாள் அது "பாட்டி, பாஹர் போலாம்" என்று சொல்லிவிட்டால் போதும், பெற்றோருக்குத் தூக்கம் போய்விடும். பிள்ளைக்கு மொழி குழம்புகிறதாம்! அவசரக் குடும்பக் கூட்டம் கூடி, இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்று தீர்மானம் போடுகிறது. அன்றிலிருந்து அப்பா 'கம், சிட், ஈட்' என்ற மூன்று சொற்களை வைத்துப் பிள்ளை வளர்க்கிறார். நாய்க்குட்டி வளர்க்கவும் அந்த மூன்றே போதும். குழம்பியிருப்பது பெரியவர்கள்தான் என்பது என் கட்சி.

அந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். விளி முதலில், வினை கடைசியில், நடுவே 'வெளியே' என்பதற்குப் பதில் ஓர் இந்திச் சொல். தமிழ் வாக்கிய அமைப்பு துளியும் பிசகவில்லை. "மீட்டிங் போஸ்ட்போன் ஆயிடுச்சு" என்று அப்பா தினமும் சொல்வதும் இதே வேலைதான். அவரை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போவதில்லை. இரண்டு மொழி மூளைக்குப் பாரம் என்று ஒரு காலத்தில் அறிஞர்களே நம்பினார்கள். 1962இல் மான்ட்ரியலில் பீல், லாம்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்தவர்களே அறிவுத்திறன் தேர்வுகளில் முந்தினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்த விதம் சரியா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டது நியாயமே. ஆகவே இருமொழி தெரிந்தால் மேதை என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஆனால் 2010இல் வெளியான வான்கூவர் ஆய்வொன்றில், கருவிலிருந்தபோதே தாயின் ஆங்கிலத்தையும் பிலிப்பைன்ஸ் மொழியான தகாலோகையும் கேட்டிருந்த பச்சிளங் குழந்தைகள் அவ்விரண்டையும் பிரித்தறிந்தன. தொட்டில் பருவத்தில் பிரித்தறிய முடிந்தது, மூன்று வயதில் முடியாமல் போய்விடுமா? இரு மொழிக் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சற்றுக் குறைவாக இருக்கலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும். வயதுக்கேற்ற பேச்சு வரவே இல்லையென்றால் காது டாக்டரைப் பாருங்கள். தமிழை நிறுத்துவது அதற்கு மருந்தல்ல.

அட்மிஷன் கிடைக்காதே என்பது அடுத்த கவலை. நர்சரிக்குக் குழந்தையை இன்டர்வியூ செய்ய டெல்லி விதிகளே இடம் தரவில்லை. டெல்லியில் தனியார் பள்ளிகள் பெரும்பாலும் பார்ப்பது வீட்டுக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம், அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிறார்களா என்பதைத்தான். வீட்டில் தமிழ் பேசுவதால் அந்தத் தூரம் ஓர் அடிகூட நீளாது.

சரி, பள்ளியே பார்த்துக்கொள்ளட்டும் என்றால்? சிறு வகுப்புகளில் வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. மாணவர்களின் தாய்மொழி எது எனக் கணக்கெடுக்கும்படி 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கையும் அனுப்பியது. அந்த வாரியத்தின் புது அலுவலகம் துவாரகாவிலேயே இருக்கிறது. ஆனாலும் தமிழ், மலையாளம், வங்காளம், பஞ்சாபி எல்லாம் ஒரே பெஞ்சில் உட்காரும் வகுப்பில் ஒற்றை டீச்சர் என்ன செய்வார்? தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்கு ஜனக்புரி வரை போக வேண்டும். புத்தகத்துக்குப் பஞ்சமில்லை: துலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப் புத்தகங்கள் உண்டு, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். சுவரில் அகரவரிசைச் சார்ட்டும் தொங்குகிறது, ஔவையாரும் எஃகும் சகிதம். மூன்று வயதுக்கு எஃகு எதற்கு என்று கேட்காதீர்கள். ஃ என்ற எழுத்துக்கு வேறு போக்கிடமில்லை. ஆனால் சார்ட் வாய் திறந்து பேசாது. வீட்டில் ஒருவர் பேச வேண்டும்.

நேரமில்லை என்பீர்கள். பிள்ளையைத் திட்ட நேரம் இருக்கிறதல்லவா, அதையாவது முழு வாக்கியமாகத் தமிழில் திட்டுங்கள். டெல்லியில் தமிழால் என்ன பயன் என்பவர்களுக்கு: ஊரிலிருக்கும் தாத்தா வீடியோ காலில் வரும்போது, பேரன் கையை மட்டும் ஆட்டாமல் நாலு வார்த்தை பேசுவான். துவாரகாவில் இந்தியைப் பூங்கா சும்மாவே கொடுத்துவிடும். ஆங்கிலத்துக்குத்தான் ஃபீஸ் கட்டியிருக்கிறீர்கள். தமிழை நீங்கள் கொடுத்தால்தான் உண்டு.