கோட்டும் லுங்கியும்

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கொள்முதல் பகுதியில் துணை மேலாளராக உத்தியோகம் பார்க்கும் நம் அன்பரை, காலை ஆறரை மணிக்குச் சிங்காநல்லூர்த் தெருவொன்றில் பால் பாக்கெட்டும் கையுமாக நீங்கள் எதிர்கொண்டீர்களானால், இன்னாரென்று கண்டுகொள்வது துர்லபம். ஏனெனில் உலகம் அறிந்த அவருடைய திருமுகம் லிங்க்ட்இன்னில் இருக்கிறது. அதற்குக் கோட்டு உண்டு, டை உண்டு, முதுகுக்குப் பின்னால் பிரம்மாண்டமான கண்ணாடிக் கட்டடமும் உண்டு. கோட்டு, மைத்துனருடைய திருமண வரவேற்புக்குத் தைத்தது. கட்டடம், மகன் கைபேசியில் ஒட்டிக் கொடுத்தது. படம் எடுக்கப்பட்ட இடம் வீட்டு மொட்டை மாடி; இடுப்புக்குக் கீழே விளங்கிய லுங்கியைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது அவருடைய தர்மபத்தினியின் சமயோசிதம்.

பெயருக்கு அடியில் தம்மைப் பற்றி ஒருவர் அறிவித்துக்கொள்ள அங்கே 220 எழுத்துகள் வரை இடம் தருகிறார்கள். அன்பர் அதற்குள் ‘விநியோகச் சிற்பி’, ‘மாற்றத்தின் தூதுவர்’, ‘ஆயுட்கால மாணவர்’ என மூன்று விருதுகளைத் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டு, எஞ்சிய இடத்தில் ஒரு ராக்கெட்டையும் ஏற்றி விட்டிருக்கிறார். அலுவலகத்தில் அவர் செய்யும் காரியமோ, கணபதியிலுள்ள பவுண்டரிக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, “காஸ்டிங் எப்பங்க வரும்?” என்று காலையில் கேட்பதும், மாலையில் மறுபடி கேட்பதுமே. ஒருமுறை காஸ்டிங் ஏற்றிவந்த டெம்போ பஞ்சராகி அரை நாள் தாமதித்தபோது, அந்த அற்ப சம்பவத்திலிருந்து தலைமைப் பண்பு குறித்துத் தாம் எய்திய ஞானத்தை, வாக்கியத்துக்கொரு பாராவாகப் பிரித்து அவர் எழுதியதை வாசித்தபோது, போதிமரத்தடியிலும் ஏதேனும் சக்கரம் பஞ்சராகியிருக்குமோ என்ற சந்தேகம் எனக்கே உண்டாயிற்று.

ஒருவருடைய திறமைக்கு மற்றவர் ஒப்பமிடும் சம்பிரதாயம் அங்கே 2012 முதல் நடந்துவருகிறது. மற்றவர்கள் அதை மதிப்பீடு என்று கருதலாம். அன்பருக்கோ அது மொய் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. யார் எந்தத் திறமைக்கு எழுதினார் என்பதை மனத்துக்குள் நோட்டுப் போட்டு, பைசா குறையாமல் திருப்பிச் செய்துவிடுவார். பாத்திரக் கடை வைத்திருக்கும் சித்தப்பா, இவர் திட்டமிடுதலில் நிபுணர் என்று சான்றளித்திருப்பது அவ்வாறு வந்த முறைதான். சொந்தக் கல்யாணத்துக்குத் தாலியை வீட்டிலேயே வைத்துவிட்டு மண்டபத்துக்குப் புறப்பட்டவர் இவர் என்பதும் அதே சித்தப்பாவுக்குத் தெரியும்.

இந்த அவதாரம் உத்தியோகத்துக்கென்றால், சொந்த வாழ்வுக்கென்று பேஸ்புக்கில் வேறோர் அவதாரம் உண்டு. அங்கே கோட்டுக்குப் பிரவேசம் இல்லை. பச்சைத் துண்டு உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் பாட்டனார் விட்டுச்சென்ற முக்கால் ஏக்கரை முன்னிட்டு, தொழில் என்ற கட்டத்தில் ‘விவசாயி’ என்று பதிந்திருக்கிறார். நகர நாகரிகத்தின் சீரழிவை அவர் அங்கே கண்டிக்கும் கடுமையைப் பார்த்தால், பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போதே அவர் கை நடுங்குமென்று தோன்றும். ஓர் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்து நிற்கும் படத்துக்கு ‘என் செல்வம்’ என்று எழுதியபோது மட்டும், “ஏனுங்க, அது பக்கத்துத் தோட்டத்து ஆடுங்க” என்று வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆட்சேபம் எழுந்தது. நல்லவேளையாக அது எழுத்தில் வரவில்லை.

இதற்கும் முந்திய அவதாரம் ஒன்று ஆர்க்குட்டில் இருந்தது. பெயருக்கு இருபுறமும் நட்சத்திரங்கள் மின்ன, அவர் காதலராக உலவிய காலம் அது. 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி ஆர்க்குட்டின் கதவு சாத்தப்பட்டபோது அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன், அதன் காரணம் இங்கே அநாவசியம்.

கோட்டுக்காரரும் பச்சைத் துண்டுக்காரரும் ஒருவரையொருவர் சந்தித்துவிடாதபடி அன்பர் எடுத்துக்கொண்ட ஜாக்கிரதை சாமானியமானதன்று. அலுவலகத்தார் ஒருவரையும் பேஸ்புக்கில் அண்டவிட்டதில்லை. ஆயினும், நம் கைபேசியிலுள்ள எண்களையெல்லாம் ஏதோ ஒரு நாள் அசட்டையாக அதற்குக் கொடுத்துவிட்டோமானால், கல்யாணத் தரகரைப் போல, ‘இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று அது ஊரெல்லாம் நம்மைக் காட்டத் தொடங்கிவிடுகிறது. அப்படி அன்பரைக் கண்டுகொண்டவர்களுள் ஒருவர் நிர்வாக இயக்குநர். மறுநாள் மாதாந்தரக் கூட்டத்தில், கணக்கு விவரங்களைப் புரட்டியவாறே அவர் மிகுந்த வாஞ்சையுடன், “ஆடெல்லாம் சௌக்கியங்களா?” என்று விசாரித்தார்.

அன்றிரவு அன்பர் என்னைக் கூப்பிட்டு, இணையத்தில் தம்முடைய உண்மையான ஸ்வரூபம்தான் எது என்று கேட்டார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். ஆனால் விடையைக் கொண்டுவந்தவர் பவுண்டரிக்காரர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் கூகுள் மேப்பில் கடை தேடிக்கொண்டிருக்கையில், ஒரு பரோட்டாக் கடைக்கு அடியில் அந்தக் கோட்டுப் படம் தென்பட்டதாம். மூன்று வருஷங்களுக்கு முன் எழுதப்பட்டது, ஒற்றை நட்சத்திரம், ‘பரோட்டா பரவாயில்லை. சால்னா ஆறிப்போச்சு.’ மறுநாள் காலை அன்பர் வழக்கம்போல் அழைத்தபோது பவுண்டரிக்காரர், “காஸ்டிங் கெடக்கட்டுங்க, இப்பவாச்சும் அங்க சால்னா சூடா ஊத்துறாங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

இன்றுவரை அவர் எழுதியவற்றுள் நான் சந்தேகமின்றி நம்புவது அந்த ஒரு வரியைத்தான். என்றாலும், கோட்டின் கௌரவத்தை உத்தேசித்து அதை எடுத்துவிடலாமே என்று யோசனை சொல்லிப் பார்த்தேன்.

“எடுக்க மாட்டனுங்க” என்றார் அன்பர். “சால்னா ஆறித்தானுங்க இருந்துச்சு.”