தலைகீழானாலும் தடம் மாறாத பிரயாணி

கேள்வி: செடியின் நுனியில் உண்டாகும் வளர்ச்சி ஹார்மோன், பூமியின் ஈர்ப்பினால்தான் கீழே இறங்குகிறதா?

பதில்: ஈர்ப்பே காரணமாயிருந்தால், வெட்டிய தண்டுத் துண்டைத் தலைகீழாக நிறுத்தியவுடன் ஆக்ஸின் என்னும் அந்த ஹார்மோனும் தன் பிரயாணத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்; அதுவோ, இப்போது மேலே போய்விட்ட பழைய அடிப்பாகத்தை நோக்கியே, மணிக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வேகத்தில் நிதானமாக ஏறிச் செல்கிறது. இதன் சூட்சுமத்தை 1974-இல் ரூபரி, ஷெல்ட்ரேக் என்னும் விஞ்ஞானிகள் அழகானதொரு அநுமானமாக முன்வைத்தார்கள். உயிரணுச் சுவரின் அமிலத்தன்மையில் மின்னேற்றமின்றி இருக்கும் ஆக்ஸின் மூலக்கூறு, சவ்வைச் சுலபமாகக் கடந்து உட்புகுகிறது. உள்ளே அமிலம் குறைவாகையால், ஹைட்ரஜன் அயனியை இழந்து மின்னேற்றம் பெற்று, சக்கரவியூகத்தில் நுழைந்த அபிமன்யுவைப்போல் வெளியேற வகையின்றி அகப்பட்டுக்கொள்கிறது. நல்லவேளையாக, இந்த அபிமன்யுவுக்கு வழிவிட 'பின்' என்னும் புரதங்கள் இருக்கின்றன. தண்டின் உயிரணுக்களில் அவை அடிப்பக்கத்துச் சவ்விலேயே குடிகொண்டிருப்பதை 1998-இல் கண்டார்கள். ஆகவே, வெளிப்படும் ஹார்மோனுக்கு அடுத்த உயிரணுவின் தலைமாட்டைத் தவிர வேறு போக்கிடமில்லை. அப்புரதங்களுள் முதலாவது பழுதுபட்டால், அராபிடாப்ஸிஸ் என்னும் சிறு செடியின் பூந்தண்டு, பூக்களின்றி மொட்டையாக நிற்கிறது.