ஒட்டியபின் கட்டுதல்: வல்லத்திராக்கோட்டை வழக்கை முன்வைத்துச் சில குறிப்புகள்

மென்பொருளின் மூலநிரலைக் கையால் திருத்தி மறுபடி பொதியாகக் கட்டும் கலைக்குத் தமிழில் இன்னும் இலக்கணம் வகுக்கப்படவில்லை. ‘பேட்ச்’ என்பது ஒட்டா, பொருத்தா, திருத்தமா என்று கலைச்சொல் அறிஞர்கள் மல்லுக்கு நிற்பதில், ஒட்டவேண்டியது ஒட்டாமலே கிடக்கிறது. இக்கட்டுரை ‘ஒட்டு’ என்றே கொள்ளும். எங்கள் ஊரான வல்லத்திராக்கோட்டையின் பங்சர் கடையிலும் அதுதான் வழக்கு (கள ஆய்வு: பின்சக்கரம், இருமுறை).

ஒட்டு மூவகை. தலையொட்டு, பொதியை எழுதியவரே ஏற்றுக்கொள்வது. இடையொட்டு, அனுப்பிப் பதில் வராதது. கடையொட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு நாமே போட்டுக்கொள்வது. முதலிரண்டும் ஆய்வுக்கு உதவா.

கட்ட உதவும் மேக் நிரலை 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். ஒட்ட உதவும் பேட்ச் நிரலை 1985இல் லாரி வால். பின்னவர் மொழியியல் படித்தவர் என்பது தற்செயலல்ல. ஒட்டாத துண்டை அவருடைய நிரல் ஒளிக்காது. ‘ரெஜ்’ என்ற வாலுள்ள கோப்பில் தனியே எடுத்து வைக்கும். உ.வே.சா. பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டியதும் இதே நேர்மைதான். பிடிக்காத பாடத்தை ஓசைப்படாமல் மாற்றிவிட்டு அட்டையில் ‘செம்பதிப்பு’ என்று போடும் பேராசிரியர்கள் ஒரு ரெஜ் கோப்பாவது வைத்தால் தேவலை.

இனி ஆய்வின் உயிர்நாடியான அலைக்குறி (~). டெபியன் இயங்குதளத்தில் பொதியைத் திரும்பக் கட்டுமுன் பதிப்பெண்ணுக்கு ஒரு வால் சேர்ப்பது வழக்கம். கூட்டல் குறி வைத்தால் நம் பொதி மூலத்தைவிடப் பெரியதாகும். அலைக்குறி வைத்தால் சிறியதாகும். எவ்வளவு சிறியது? அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாததைவிடச் சிறியது! தமிழ்க் கணக்கில் முந்திரி 1/320, கீழ்முந்திரி 1/1,02,400. ஆலங்குடிப் பக்கத்து ஆட்களான நாங்கள் முந்திரியை மூட்டையில் பார்த்தவர்கள். ஆனாலும் கீழ்முந்திரியே ஒன்றுமில்லாததைவிடப் பெரியதுதான். சூனியத்துக்கும் கீழே ஒரு படி வைத்தவர்கள் டெபியன்காரர்கள் (ஒப்பிடுக: மேற்படி; அது கிடைக்காவிடில் அதன் கரையான் அரித்த பிரதி, பக்க எண் அரித்த பகுதியில்; அதுவும் இல்லையேல் என் சித்தப்பா, திண்ணை, வாய்மொழி, வெற்றிலை போடுமுன்).

சான்று வருமாறு. ஓர் எழுதுசெயலியில் ‘கொ’ அடித்து அழித்தால் எழுத்து முழுதும் போய்க்கொண்டிருந்தது. கொம்பும் காலும் மட்டும் போய் ‘க’ நிற்கவேண்டும் என்பது என் கட்சி. ஒற்றை வரி, மாற்ற நாலு நிமிடம். கட்டுவதற்கு வேண்டிய துணைப்பொதிகள் இறங்க ஒன்றரை மணி நேரம், நடுவில் கரண்ட் வேறு போனது. அடக்கமாக இருக்கட்டுமே என்று 2.4-1 என்றிருந்ததை 2.4-1~1 ஆக்கி, விடியற்காலை மூன்றரைக்குக் கட்டி நிறுவிவிட்டுப் படுத்தேன். எழுந்ததும் வழக்கம்போல் மேம்படுத்தலை ஓட்டினேன். களஞ்சியத்துப் பழைய 2.4-1, ‘நானே பெரியவன்’ என்று என் பொதிமேல் ஏறி உட்கார்ந்தது. ‘கொ’ மறுபடி முழுதாக அழிந்தது.

பங்சர் கடையில் புலம்பினேன். கடைக்காரர் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடியபடியே கேட்டார்: “நீங்க ஒட்டுனத எவனோ கழட்டிட்டுப் பழச மாட்டுறான்னா, சக்கரத்துக்குப் பூட்டு போட வேண்டியதுதானே தம்பி?”

டெபியனில் அந்தப் பூட்டுக்கு ‘ஹோல்ட்’ என்று பெயர் (வாய்மொழி, மேற்படி கடை, காற்றுக்குத் தனிக் காசு).